லில்லிக்குக் கட்டுச்சோறு

பிப்ரவரி 2

காலையில் கோகிலவாணி அம்மணி போன் செய்தார். "மாஸ்டர், உங்க புள்ளைக்கு மொட்டு வெச்சிருக்குதுங்க" என்றார். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரையோடு "அப்படியா, அப்படியா" என்று கத்தியதில் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

இது பிற்பாடு சங்கத்தில் வழக்காக வரும் என்று தோன்றுகிறது. ஆகவே முதலிலிருந்தே எழுதி வைக்கிறேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சண்டை எங்கே கிளம்பும் என்பது அது கிளம்பும் முன்பே எனக்குத் தெரியும்.

உடுமலைப்பேட்டையில் எங்கள் கிழங்குப்பூச் சங்கம் சின்னது. அமரில்லிஸ், மழை லில்லி, ஃபுட்பால் லில்லி என்று கிழங்கிலிருந்து பூக்கிற எதுவானாலும் எங்களுக்குச் சரி. ரோஜாக்காரர்களைச் சேர்ப்பதில்லை. கிழங்கை விற்கக் கூடாது, கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தவர் பெண் வீடு, வாங்கியவர் மாப்பிள்ளை வீடு. கிழங்கு முதன்முதலாக மொட்டு விட்டால் தொட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், ஏனென்றால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பூ வாடியதும் எருவும் எலும்புத்தூளும் சீராக வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சங்கத் தலைவர் ரவூப் பாய் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னது இது. நான் அதைச் சட்டமாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

அம்மணியிடம் இருப்பது லேசுப்பட்ட கிழங்கு இல்லை. நான்கு வருடத்துக்கு முன் என் மனைவி ராசாமணி, காது குடையும் பஞ்சில் சிவப்பு அமரில்லிஸின் மகரந்தத்தை எடுத்து வெள்ளைப் பூவில் வைத்து விதை எடுத்தாள். நாற்று முளைத்ததும் இருவரும் பந்தயம் கட்டினோம். பூ ரத்தச் சிவப்பாக வரும் என்று நான். வெளிர் ரோஜா நிறம், தொண்டையில் மட்டும் பச்சை என்று அவள். தோற்றவர் ஒரு நாள் முழுக்க ஜெயித்தவர் சொல்வதை எதிர்த்துப் பேசாமல் செய்ய வேண்டும். பூ வருவதற்குள் அவள் போய்விட்டாள். என்னிடமிருந்த நாற்றுகள் ஐப்பசி மழையில் அழுகிப்போயின. மிச்சமிருப்பது அம்மணிக்குக் கொடுத்த அந்த ஒன்றுதான்.

அது வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

பிப்ரவரி 4

மதி பேசினாள். மதிவதனி என் ஒரே மகள். கோயமுத்தூர் வடவள்ளியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். பங்குனியில் முதல் பிரசவம். எப்போது கூட்டி வரலாம் என்று கேட்டேன். சம்பந்தியம்மா போனை வாங்கி, "அங்க பாத்துக்கறதுக்கு யாருங்க இருக்காங்க?" என்றார்.

இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மழை லில்லிக்குத் தண்ணீர் விட்டேன்.

பிப்ரவரி 6

தொட்டியைப் பார்க்கப் போனேன். கோகிலவாணி அம்மணி சந்தைப்பேட்டைக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கிறார். தொட்டி மில் ஜன்னலோரம் இருக்கிறது. இலையெல்லாம் மாவு. மொட்டு மட்டும் கிழங்கின் கழுத்தருகே கட்டைவிரல் உயரத்துக்குப் பச்சையாக நிமிர்ந்து நின்றது. பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள், அதனாலும் இருக்கலாம்.

"என்ன அம்மணி, இலை மேல இவ்வளவு மாவு?"

"கம்பு மாவுங்க. சத்துத்தான?"

எப்போது அனுப்புகிறீர்கள் என்றேன். அனுப்புவதாக இல்லை என்றார். ஆட்டோவில் குலுங்கினால் மொட்டு உதிரும், வெயில் மாறினால் மொட்டு உதிரும் என்று அடுக்கினார். கடைசியில், "உங்க ஊட்ல பாத்துக்கறதுக்கு யாருங்க இருக்காங்க? நீங்களே ஒரு நேரம் ஆக்கி மூணு நேரம் திங்கறீங்க" என்றார்.

இந்த வாரத்தில் இந்தக் கேள்வி இரண்டாவது முறையாக என் காதில் விழுகிறது. முதல் முறை பதில் சொல்லவில்லை. இந்த முறை சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிவிட்டேன். மில்லில் நின்றவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். மாவு டப்பாவோடு உயர வரிசைப்படி நின்றார்கள்.

பிப்ரவரி 9

லில்லிக்காக வீட்டைத் தயார் செய்கிறேன். தெற்கு அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. கிழங்குக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது, அதனால் கீசர். கொசு இலையைக் கடிக்கும், அதனால் கட்டிலுக்குக் கொசுவலை. உத்தரத்தில் ஒரு கொக்கி, தொங்கு தொட்டி மாட்டுவதற்கு. உட்கார்ந்து எழும் கழிப்பறை என் முழங்காலுக்காக.

கீசர் மாட்ட ரவூப் பாய் வந்தார். எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"லில்லி சுடுதண்ணியிலயா குளிக்கும், மாஸ்டர்?"

"சுடுதண்ணி இல்ல பாய். வெதுவெதுப்பா."

உத்தரத்துக் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "தொட்டில் தாங்கும்" என்றார். தொட்டி என்று திருத்தினேன். சரி சரி என்று தலையாட்டினார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏனென்று புரியவில்லை.

பிப்ரவரி 11

சங்கத்தின் அவசரக் கூட்டம். ரவூப் பாய் கடையின் பின்கட்டில் மின்விசிறிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். விதிமீறல் என்று நான் எழுந்து நின்று பேசினேன். கோகிலவாணி அம்மணி உட்கார்ந்தபடியே கேட்டார். "பொண்ணுக்குக் கட்டுச்சோறு கொண்டு வந்தீங்களா? வெறுங்கையோட வந்து அனுப்புன்னா எந்த ஊட்ல அனுப்புவாங்க?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் மாதம் பெண் வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், பெண்ணுக்கு ஊட்டி, வளையல் போட்டுத்தான் கூட்டி வருவார்கள். சங்கத்துச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. எழுதியவன் நான்தான்.

சங்கத்தில் பிரமிளா என்று ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மொட்டுக்கு ஒன்பதாம் மாதமா என்று அவரிடம் சான்றிதழ் கேட்டார்கள். "நான் பல்லுக்குத்தாங்க டாக்டர்" என்றார். இருப்பதிலேயே அவர்தான் டாக்டர் என்பதால் பெரும்பான்மை வாக்கில் அவரையே எழுத வைத்தார்கள்.

பிப்ரவரி 15

கட்டுச்சோறு. புளி, தேங்காய், எலுமிச்சை, தக்காளி, தயிர் என்று ஐந்து சோறும் நானே ஆக்கினேன். புளிச்சோற்றில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

மில்லை ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். கண்ணாடி வளையல்களை மொட்டு வழியாக இறக்கிக் கிழங்கின் கழுத்தில் சேர்த்தோம். தொட்டிக்கு மஞ்சள் பூசினார்கள். மிளகாய் அரைக்க வந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "பொண்ணு எங்கீங்க?" என்றார். கையைக் காட்டினேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் குங்குமத்தை எடுத்துத் தொட்டிக்கு வைத்து, "நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டுஞ் சாமி" என்றார். பிறகு புளிச்சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் நிறையக் குடித்தார்.

எல்லாம் முடிந்து, "சரிங்க, கூட்டிட்டுப் போறேன்" என்று தொட்டியில் கை வைத்தேன். அம்மணி என் கையின் மேல் கை வைத்தார். தண்டு முழ உயரம் வந்துவிட்டதாம். பிஞ்சுத் தண்டாம். ரோட்டில் ஒரே ஒரு குழி போதுமாம்.

"அப்பறம் எதுக்குங்க கட்டுச்சோறு கேட்டீங்க?"

"முறையின்னு ஒண்ணு இருக்குதல்லொ மாஸ்டர். போச்சாதுங்க, விடுங்க, தயிர்ச்சோறு நல்லாருந்துச்சு."

பிப்ரவரி 18

இந்த வாரத்தில் இரண்டாவது கட்டுச்சோறு. வடவள்ளியில். இதற்கு ஆள் வைத்து ஆக்கினேன், உப்பு சரியாக இருந்தது.

மதி முகம் பூரித்து அழகாக இருந்தாள். இரண்டு கையிலும் வளையல். யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "எனக்கு நம்மூட்டுக்கு வரணும்னுதானுங்ப்பா இருக்குது. ஆனா அத்தை சொல்றதும் செரிதான். திடீர்னு வலி எடுத்தா நீங்க ஒத்தையா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"விசில் ஊதுவேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதற்குள் சம்பந்தியம்மா பாயசம் கொண்டுவந்துவிட்டார்.

வாடகைக் காரில் திரும்பினேன். பின் சீட்டில் மதி சாய்ந்துகொள்ள வீட்டிலிருந்து இரண்டு தலையணை எடுத்துப் போயிருந்தேன். இரண்டும் சீட்டில் அப்படியே இருந்தன. மனசு பொக்கென்று போய்விட்டது.

பிப்ரவரி 20

தொட்டியைத் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இது திருட்டு ஆகாது. சட்டப்படி என் பெண்.

மத்தியானம் கரண்ட் போகும் நேரத்தில் மில் நிற்கும், அம்மணி பின்கட்டுக்குச் சாப்பிடப் போவார். பழைய மாணவன் ஒருவனின் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தொட்டியைத் தூக்கி மூன்று எட்டு வைத்திருப்பேன், கரண்ட் வந்துவிட்டது. நான்கு இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. மாவு புகையாகக் கிளம்பியது. தும்மல் வந்தது. இரண்டு கையிலும் தொட்டி. மூக்கைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

தும்மினேன். தண்டு இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, நடுவில் சற்று மடங்கியதைப் பார்த்தேன்.

"மாஸ்டர்" என்று குரல் கேட்டது. அம்மணி எச்சில் கையோடு வாசற்படியில் நின்றார். திட்டவில்லை. "வெசையா வேண்டாங்க. மெதுவா கீழ வைங்க" என்றார்.

வைத்தேன். தண்டு முறியவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தலை முதல் கால் வரை வெள்ளையாக உட்கார்ந்து குடித்தேன். அம்மணி சொன்னதுதான் சரி, இதை நகர்த்தக் கூடாது. விசிலை எடுத்து எனக்கே ஊதிக்கொண்டேன். அதற்குள்ளும் மாவு போயிருந்ததால் சத்தம் வரவில்லை.

பிப்ரவரி 22

மறுபடியும் கூட்டம். திருட்டு விஷயத்தை அம்மணி வாய்திறந்து சொல்லவில்லை. ஒரு திருத்தம் மட்டும் கொண்டுவந்தார். செடி தாய்வீட்டுக்கு வர முடியாத நிலையில் இருந்தால், தாய்வீடு செடியிடம் போக வேண்டும்.

"தாய்வீடு எப்படிங்க போகும்?" என்று கேட்டேன்.

"தாய்வீடுன்னா ஓடும் செவுருமுங்களா? நீங்க வாங்க. உங்க ஊட்டுச் சாமான் ஒண்ணு கொண்டாந்து போட்டுட்டு அது பக்கத்துல உக்காருங்க. அதுதான் தாய்வீடு."

ஒரு மனதாக நிறைவேறியது. நானும் கையைத் தூக்கினேன்.

பிப்ரவரி 23

வீட்டிலிருந்து கை வைத்த மர நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பிரசவம் பார்க்கிறேன்.

பிப்ரவரி 24

உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 26

மில்லில் வரிசை என்பதே கிடையாது என்பதைக் கவனித்தேன். இன்று முதல் கோதுமைக்கு ஒரு விசில், மிளகாய்க்கு இரண்டு விசில். ராகி கொண்டுவந்த ஒருவர் தனக்கு எத்தனை விசில் என்று தெரியாமல் நெடுநேரம் நின்றிருக்கிறார், பாவம். மொட்டின் உறை நுனியில் லேசாகப் பிளந்திருக்கிறது. உள்ளே என்ன நிறம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிவப்பு மாதிரித்தான் தெரிகிறது.

அது மிளகாய்த்தூள் என்று அம்மணி ஊதிக் காட்டினார்.

பிப்ரவரி 28

கூட்டம் குறைந்த நேரத்தில் அம்மணி மாவுச் சல்லடையைத் தட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "ரவூப் பாய் சொன்னாருங்க. கீசர், கட்டில், கொசுவலை, எல்லாம்."

"லில்லிக்குங்க."

"கொக்கியுமுங்களா?"

தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடை நின்றது.

"மாஸ்டர், நாம போட்ட திருத்தம் இருக்குதல்லொ. அது செடிக்கு மட்டுந்தானுங்களா?"

சட்டத்தில் செடி என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். பெண் கொடுத்த வீட்டில் போய் ஒரு அப்பன் நாள்கணக்காக உட்கார்ந்துகொள்வது நடக்கிற காரியமா? நான்கு பேர் என்ன பேசுவார்கள்? சம்பந்தியம்மா வாசலிலேயே நிறுத்திக் காபி கொடுத்து அனுப்பிவிட்டால்? இதையெல்லாம் அம்மணியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 2

பூத்துவிட்டது.

நான் போவதற்குள் உறை விலகி இரண்டு பூ வெளியே வந்திருந்தன. அம்மணி மில்லை ஓட்டாமல் எனக்காகக் காத்திருந்தார். ரவூப் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பல் டாக்டரும் வந்திருந்தார், யாரோ ஒருவரை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு.

வெளிர் ரோஜா நிறம். தொண்டையில் மட்டும் பச்சை.

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்காவது ஒரு சிவப்புக் கோடாவது இருக்குமா என்று தேடினேன். ஒரு புள்ளிகூட இல்லை. ராசாமணி சுத்தமாக ஜெயித்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவள் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால் இந்நேரம் என்னை என்ன பாடு படுத்தியிருப்பாள்! அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பந்தயத்துல தோத்தவங்க என்ன பண்ணோணுமுங்க?" என்றார் அம்மணி. அவருக்குத் தெரியும், ராசாமணியே சொல்லியிருக்கிறாள்.

"அவ சொல்றத எதுத்துப் பேசாம செய்யணும்."

"அக்கா இருந்தா இன்னிக்கு என்னங்க சொல்லியிருக்கும்?"

ரவூப் பாய் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ராசாமணி என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? மாவு அரைக்க வந்து மில் வாசலில் நின்றவர்களுக்கே தெரிந்திருக்கும். எதிர்த்துப் பேசக் கூடாது என்பது பந்தயம்.

மார்ச் 3

நாற்காலியோடு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். கூட்டம் அதிகம். கண்டக்டர் நாற்காலியைப் பார்த்து, இதற்கு டிக்கெட் போடணும் என்றார். போடுங்கள் என்று சொல்லி, நடுவில் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டேன். பொள்ளாச்சி வரை ஒரு கைக்குழந்தைக்காரிக்கு விட்டுக் கொடுத்தேன்.

வடவள்ளியில் சம்பந்தியம்மாதான் கேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்தார், என் தலை மேலிருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"என்னங்க சம்பந்தி இது?"

வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்து வந்த பேச்சு மறந்துவிட்டது. "தாய்வீடு வந்திருக்குதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கேட்டருகே நின்றபடி லில்லி, மொட்டு, கீசர், கட்டுச்சோறு, திருத்தம், பந்தயம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை இறக்கி வைக்கத் தோன்றவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "உக்கார்றதுக்கு எங்கூட்ல சோபா இருக்குதல்லொங்க" என்றார்.

"அது உங்கூட்டு சோபாங்க."

சம்பந்தியம்மா நாற்காலியின் ஒரு காலைப் பிடித்து இறக்கினார். "மதி ரூம்ல ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம், அங்கதான் காத்து வரும்" என்றார்.

மதி தூங்கி எழுந்து வந்தாள். நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அதில் உட்கார்ந்தாள். "நம்மூட்டுக்கு வந்துட்டேனுங்ப்பா" என்றாள். நான் அழுதேன். கண்ணில் மாவு விழுந்தது என்று எழுதலாம் என்று பார்த்தேன். வடவள்ளியில் அந்த வீட்டுப் பக்கம் மாவு மில்லே கிடையாது.

மார்ச் 9

சம்பந்தியம்மா வீட்டில் குளிக்கப் போவதற்கு ஒழுங்கே இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு விசில், சம்பந்தியம்மாவுக்கு இரண்டு விசில். ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் 24

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மருத்துவமனைக் காவலாளி நாற்காலியை உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் போட்டு இரவெல்லாம் அதில் உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் சம்பந்தியம்மா உட்கார்ந்தார், நான் நின்றேன்.

குழந்தை வளர வளர என்ன நிறம் வரும் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள். இனி நிறம் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்வதாக இல்லை.

ஏப்ரல் 5

ஊர் திரும்புகிறேன். தொட்டிகள் காய்ந்து கிடக்கும். நாற்காலி மதியிடமே இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு ஒரு ஃபுட்பால் லில்லிக் கிழங்கு கொடுத்தேன், ரவூப் பாய் பஸ்ஸில் கொடுத்தனுப்பியது. சட்டத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

மே 6

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன். சம்பந்தியம்மா.

"சம்பந்தி, மொட்டு வெச்சிருக்குதுங்க. மண்ண விட்டு இப்பத்தான் தலைய நீட்டுது. இப்பவே அனுப்பிச்சா ஒண்ணும் ஆகாதல்லொ?"

ஆகாது என்றேன். வாயில் நுரை.

"தொட்டிய மடியில வெச்சுப் பத்திரமா கொண்டார ஆள் வேணுமுங்க. மதி வருவா. பாப்பாவையும் தூக்கிட்டு வருவா. பூ வாடற வரைக்கும் அங்கதான இருக்கோணும்? நாற்காலியையும் கார்லயே ஏத்தியுடறேன்."

அவசரமாக நுரையைத் துப்பினேன். அதற்குள், "கீசர் வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார்.

"வெதுவெதுப்பா வருங்க" என்றேன்.